காருக்கு அடியில் சிவப்பு கறையா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சேம்பர் கசிவை அலட்சியப்படுத்தாதீங்க!

காலையில் காரை எடுத்துவிட்டு திரும்பிப் பார்த்தால், நிறுத்தியிருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சிவப்பு எண்ணெய் கறை. பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு பழக்கமான காட்சிதான். "பழைய வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். மேனுவல் கியர் வண்டியாக இருந்தால் அந்த அலட்சியத்துக்கு கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆட்டோமேட்டிக்கில் அது கிடைக்காது.

காரணம், இங்கே ஆயில் வெறும் உராய்வைக் குறைக்க மட்டும் இல்லை. ஏடிஎஃப் எனப்படும் இந்த ஆயில்தான் எஞ்சினின் சக்தியை டார்க் கன்வெர்ட்டர் வழியாக கியர்பாக்ஸுக்கு கடத்துகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம்தான். அளவு குறைந்தால் பம்ப் ஆயிலோடு சேர்த்து காற்றையும் உறிஞ்சும். அழுத்தம் விழும், பிளேட்டுகள் வழுக்கும், சூடாகும், கருகும். 'டி' போட்ட பிறகு வண்டி ஒரு நொடி யோசித்துக் கிளம்புகிறதா? ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா? அது ஆயில் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு பேக்கிங் மாற்றும் செலவோடு முடிய வேண்டிய வேலை, பழைய காரின் விலையையே நெருங்கும் கியர்பாக்ஸ் வேலையில் போய் நிற்பது இப்படித்தான்.

கசிவது எந்த ஆயில்?

கறை மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒற்றி எடுங்க. புது ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும், ஓடி ஓடி பழுப்பாகும். கருகின வாசனை வந்தால் உள்ளே ஏற்கனவே சேதம் தொடங்கியிருக்கலாம். எஞ்சின் ஆயில் தேன் நிறத்திலோ கருப்பாகவோ இருக்கும். நிறமே இல்லாத தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். இதில் மோசமானது, ரேடியேட்டரைத் திறக்கும்போது ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் மாதிரி ஒரு கலவை தெரிவது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து, தண்ணீரும் ஏடிஎஃப்பும் கலந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பழி எப்போதும் சேம்பர் மேல்

கியர்பாக்ஸின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் பகுதியைத்தான் நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்களில் சேம்பர் என்கிறார்கள். இருப்பதிலேயே தாழ்வான இடம் அது. மேலே எங்கே கசிந்தாலும் வழிந்து வந்து சொட்டுவது அதன் விளிம்பில்தான். ஓடும்போது காற்று வேறு ஆயிலை பின்பக்கமாகத் தள்ளும். கூலருக்குப் போகும் குழாயின் இணைப்பு, கியர் லிவர் தண்டின் சீல், முன்பக்க பம்ப் சீல் என எதுவும் குற்றவாளியாக இருக்கலாம். அதனால் முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது இல்லை. அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, துடைத்து, காயவிட்டு, 10, 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்க. ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் கசிவின் மூலம்.

இதற்கு நல்ல உதாரணம் பழைய பென்ஸ் கார்கள். 1996 முதல் வந்த மெர்சிடிஸின் 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், அதாவது 722.6 என்ற கியர்பாக்ஸ், பழைய சி கிளாஸ், இ கிளாஸ் கார்களில் இருக்கிறது. இன்று இந்த கார்கள் செகண்ட் ஹேண்டில் சில லட்சங்களுக்கே கிடைக்கின்றன. இந்த கியர்பாக்ஸின் வலது பக்கத்தில், சேம்பருக்கு சற்று மேலே, வயர்கள் உள்ளே போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஓ-ரிங் வயதாகி இறுகினால், ஆயில் மெல்ல வழிந்து சேம்பர் விளிம்பில் சொட்டும். பார்ப்பவர்கள் சேம்பர் பேக்கிங்கை மாற்றுவார்கள். ஒழுகுவது நிற்காது. திரும்பவும் மாற்றுவார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்றுதான். இதை விட்டுவைத்தால் ஆயில் வயருக்குள்ளேயே ஊறிச் சென்று, கியர்பாக்ஸின் கன்ட்ரோல் யூனிட் வரை போய் நனைத்துவிடும். அந்த செலவு வேற லெவல்!

போல்ட்டை இறுக்கினால் நிற்குமா?

இதுதான் எல்லோரும் செய்வது, எல்லோரும் மாட்டுவதும் இங்கேதான். கொஞ்சம் ஒழுகுது, இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சேம்பர் போல்ட்டுகளுக்கு மிகக் குறைந்த இறுக்கமே போதும். கார் சக்கர நட்டுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர் தேவை என்றால், மேலே சொன்ன பென்ஸ் சேம்பர் போல்ட்டுக்கு வெறும் 8 நியூட்டன் மீட்டர்தான். மற்ற பல கார்களிலும் 7 முதல் 12-க்குள் முடிந்துவிடும். கையில் சின்ன ராட்செட்டை வைத்து மணிக்கட்டால் திருப்பும் பலம், அவ்வளவுதான்.

அதற்கு மேல் போனால் தகரத்தால் ஆன சேம்பரின் விளிம்பு, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி உள்ளே குழிந்துவிடும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் விளிம்பு மேலெழும்பி இடைவெளி விழும். முன்பைவிட அதிகமாக ஒழுகும். கார்க் பேக்கிங் என்றால் நசுங்கி வெளியே பிதுங்கும். அலுமினிய கியர்பாக்ஸில் மரையே பிய்ந்துவிட்டால் கதை முடிந்தது.

பேக்கிங் மாற்றும் வேலை

சேம்பரைக் கழற்றி மாட்டுவது பெரிய கம்ப்யூட்டர் வேலை இல்லை, பொறுமை வேலை. ஆனால் ஒரு நிபந்தனை: ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையை விடவே கூடாது. சமதளத்தில், ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் ராம்ப் உள்ள ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்க. ஓடி நின்ற உடனே ஆயில் கையை வேகவைக்கும் சூட்டில் இருக்கும், வெதுவெதுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும்.

டிரெயின் போல்ட் இல்லாத சேம்பர் என்றால் ஒரு பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, சரித்து வடிக்க வேண்டும். சட்டை காலி என்பது உறுதி. கீழே இறக்கியதும் உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்க. சாம்பல் நிறத்தில் வழவழப்பான மசி ஒட்டியிருந்தால் அது சாதாரண தேய்மானம். கண்ணுக்குத் தெரியும் உலோகத் துண்டுகள் இருந்தால், பேக்கிங் மாற்றி எந்தப் பயனும் இல்லை. கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டிய கட்டம் அது.

பழைய பேக்கிங்கை கியர்பாக்ஸ் பக்கம் சுரண்டும்போது இரும்பு பிளேடு வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒரு கீறலே அடுத்த கசிவு. சேம்பர் விளிம்பை கண்ணாடி போன்ற சமதளத்தில் வைத்துப் பார்த்து, குழிந்த இடங்களை மரக்கட்டை மேல் வைத்து சின்ன சுத்தியலால் தட்டி சமப்படுத்தலாம். ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. போல்ட்டுகளை முதலில் கையால் சுற்றி, பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

ரப்பர் பேக்கிங் மேல் 'சேஃப்டிக்கு' அனபாண்ட் பூசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்க. பேக்கிங் வழுக்கி நகரும். உள்பக்கம் பிதுங்கும் பசைத் துணுக்குகள் பிய்ந்து போய் ஃபில்டரை அடைக்கும். பேக்கிங்கே இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டும் வகை சேம்பர்களும் உண்டு, அங்கே மட்டும்தான் அது சரி.

ஆயில் அளவு: பாதி பேர் தவறும் இடம்

சேம்பரைக் கழற்றினால் மொத்த ஆயிலும் வராது, டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். அதனால் மேனுவலில் இருக்கும் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து அப்படியே ஊற்றிவிடக் கூடாது. வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, பிறகு சரிபார்க்க வேண்டும். அதிகமானாலும் ஆபத்துதான். ஆயில் நுரைத்து, காற்றுத் துளை வழியாக வெளியே வரும். மறுபடியும் 'சேம்பர் கசிவு' என்று ஆரம்பிப்பீர்கள்.

அளவு பார்க்கும் முறை காருக்கு கார் மாறும். பெரும்பாலான பழைய கார்களில் கியர்பாக்ஸ் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஹோண்டாக்களில் எஞ்சினை அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள். டிப்ஸ்டிக்கே இல்லாத டொயோட்டாக்களில், ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது செக் பிளக்கைத் திறந்து வழிவதைப் பார்க்க வேண்டும். 722.6 பென்ஸில் குழாய் இருக்கும், மூடியும் இருக்கும், குச்சி மட்டும் இருக்காது! அதற்கான குச்சி ஒர்க்‌ஷாப்பில்தான் வைத்திருப்பார்கள்.

ஆயிலின் ரகமும் முக்கியம். டொயோட்டாவிலேயே 'டைப் டி-4', 'டபிள்யூஎஸ்' இரண்டும் வேறு வேறு, ஒன்றுக்கு பதில் மற்றொன்று ஊற்றக்கூடாது. சிவிடி கார்களுக்கு ஆயிலே தனி. 'எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்' என்று யாராவது சொன்னால் கடையை மாற்றுங்க.

வழியில் நின்றுவிட்டால்?

ஆயில் முழுக்க வடிந்து வண்டி நின்றால், கயிறு கட்டி இழுக்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸ் பம்பும் ஓடாது. ஆனால் சக்கரங்கள் உள்ளே இருக்கும் பாகங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், உலர்ந்த நிலையில். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்க.

பேக்கிங் மாற்றிய பிறகு முதல் வாரம், இரவில் காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்க. காலையில் அட்டை காய்ந்திருந்தால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. வடித்த பழைய ஆயிலை சாக்கடையில் ஊற்றாமல், கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.