சால்மன் தாய்வீடு திரும்புகிறது... பாலாற்று மீன் எங்கே போகும்?

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்து, பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று செய்தி வந்துவிட்டால் போதும். மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்து மக்களுக்கு அது திருவிழாச் சேதி. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் நின்று வெள்ளம் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். வீச்சு வலையோடும் தூண்டிலோடும் கரையில் இறங்குபவர்கள் இன்னொரு பக்கம். வலை இல்லாதவர் கொசுவலையைக்கூட விட்டுவைப்பதில்லை.

2021 நவம்பரில் இந்தக் கொண்டாட்டம் உச்சத்துக்குப் போனது. பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் பாய்ந்தது. 1903-ம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு பாலாற்றைப் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கு மீன் எங்கிருந்து வருகிறது?

ஏரி கொடுத்த சீர்

பதில் ஏரிகளில் இருக்கிறது. பாலாற்றுப் படுகை முழுக்க ஏரிகள்தான். வாலாஜா அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் தமிழகத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரியை நிரப்புகிறது. மழைக்காலத்தில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும்போது, அவற்றில் வளர்க்கப்பட்ட கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் ஓடையில் இறங்கி ஆற்றுக்கு வந்துவிடுகின்றன. கூடவே நாட்டு மீன்களான கெண்டை, கெளுத்தி, விரால், குரவையும் வரும். விராலும் குரவையும் காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

புதுத் தண்ணீர் வந்ததும் பல மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். கரையோர மக்கள் இதை ‘மீன் ஏறுது’ என்பார்கள். முட்டையிட நல்ல இடம் தேடித்தான் அந்த ஓட்டம். கலங்கலிலும் மதகிலும் துள்ளும் மீனை அள்ளிவிட்டால் குழம்புக்கு ஆச்சு. ஆனால், வயிறு நிறைய முட்டையோடு மேலேறும் மீனைத்தான் அள்ளுகிறோம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

அங்கேயும் இதே மாதங்கள்தான்

நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால், அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் கனடாவுக்கும் அது இலையுதிர் காலம். அங்கே ஆற்றங்கரைகளில் கூட்டம் கூடுவது சால்மன் மீனுக்காக. ஆற்றின் கூழாங்கற்களுக்கிடையே பொரியும் சால்மன் குஞ்சு, கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. பரந்த கடலிலிருந்து வந்து தன் ஊர் ஆற்றை அது கண்டுபிடிப்பது வாசனையை வைத்து! குஞ்சாக இருந்தபோது முகர்ந்த தண்ணீரின் மணம் அதன் நினைவில் பதிந்திருக்கிறது. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். அதன் உறவினரான ஸ்டீல்ஹெட் மட்டும் பிழைத்துக்கொண்டால் மறுபடி கடலுக்குப் போய், இன்னொரு முறை வரும்.

ஸ்டீல்ஹெட் என்றதும் ஏதோ தூரத்து மீன் என்று நினைக்க வேண்டாம். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் இருக்கும் ரெயின்போ ட்ரவுட் அதே இனம்தான். கடலுக்குப் போய் வளர்ந்தால் அது ஸ்டீல்ஹெட், ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ ட்ரவுட். ஆங்கிலேயர் காலத்தில், சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணரான ஹென்றி சார்லஸ் வில்சன் முயற்சியில், 1907-ல் அவலாஞ்சியில் இதற்கான பொரிப்பகம் வந்தது.

சால்மனைப் போலக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் மீன் நமக்கும் உண்டு. அதுதான் உல்லம். வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா! கொள்ளிடத்தில் இதன் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கவும் அதே வில்சன் முயன்றார். ஆனால், 1934-ல் மேட்டூர் அணை வந்து காவிரியின் வெள்ளம் கட்டுக்குள் போன பிறகு, அங்கே உல்லம் வரத்து அடியோடு குறைந்துபோனது.

தோலும் தண்ணீரும்

பாலாற்றின் கதையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றை ஒட்டிய ஊர்களுக்குத் தோல் தொழில்தான் சோறு போடுகிறது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை என்று இந்த ஊர்களில் எழுந்த பலவற்றுக்குப் பின்னால் தோல் வியாபாரத்தில் வந்த பணம் இருக்கிறது. ஆனால் தோலைப் பதப்படுத்தத் தண்ணீர் நிறைய வேண்டும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர். உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பல்லாண்டுகள் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது. கிணறுகள் உப்புக் கரித்தன. வயல்கள் பாழாகின.

இதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை அழுத்தமாகச் சொன்ன அந்தத் தீர்ப்பு, இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்படுத்தப்பட்டன. கழிவுநீரை வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆனாலும் பிரச்னை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அதை வழங்கவும், ஆற்றைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

தேம்ஸ் சொல்லும் பாடம்

லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் பெர்மாண்ட்சி என்று ஒரு பகுதி. ஒரு காலத்தில் அதுதான் லண்டனின் ‘மேல்விஷாரம்’. தெருவுக்குத் தெரு தோல் பதனிடும் தொட்டிகள் இருந்தன. அந்தக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் சேர்ந்ததில், 1830-களிலேயே தேம்ஸில் சால்மன் இல்லாமல் போனது. 1957-ல், உயிர்கள் வாழத் தகுதியற்ற ஆறு என்றே தேம்ஸை அறிவித்தார்கள். அதன் பிறகு சாக்கடைச் சுத்திகரிப்புக்குப் பணத்தைக் கொட்டினார்கள். 1974-ல் ஒரு சால்மன் கிடைத்தபோது நாடே அதைச் செய்தியாக்கியது. சால்மன் அங்கே முழுதாகக் குடியேறிவிடவில்லை. ஆனால், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வகை மீன்கள் தேம்ஸில் இருக்கின்றன.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024-ல். அந்த அக்டோபரிலேயே, நூறு ஆண்டுகளுக்கு மேல் எட்டிப் பார்க்காத மேல் பகுதிக்குச் சால்மன் ஏறி வந்துவிட்டது! வழி கிடைத்தால் மீன் வந்துவிடுகிறது.

தூண்டில் போடும் முன்...

* உயிர் முக்கியம்: மணல் அள்ளிய பள்ளங்கள் வெள்ளத்தில் தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நம்பி இறங்கினால் அடுத்த அடியில் ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். தரைப்பாலத்தில் ஓடும் நீரில் நின்று வலை வீசவே கூடாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

* தண்ணீரைப் பாருங்கள்: நுரை பொங்கும், நிறம் மாறிய, ரசாயன வாடை வீசும் இடத்தில் பிடித்த மீன் வேண்டாம். செத்து மிதக்கும் மீனைத் தொடவே வேண்டாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் உலோக நச்சு போகாது. குடல், ஈரல், செவுள் ஆகியவற்றை முழுதாக நீக்கிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த மீன் குழம்புக்கு வேண்டாம்.

* சினை மீனை விடுங்கள்: அமெரிக்காவில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை மீன்தான் என்று கணக்கும் உண்டு. பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு முதுகின் பின்பக்கச் சிறு துடுப்பை வெட்டி அடையாளம் வைக்கிறார்கள். அந்தத் துடுப்பு முழுதாக இருந்தால் அது இயற்கையாகப் பிறந்த மீன். பல ஆறுகளில் அதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். நமக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். வயிறு புடைத்த சினை மீனையும் விரல் நீளக் குஞ்சையும் தண்ணீரில் விட்டாலே போதும்.

* கொசுவலையும் கரண்டும் வேண்டாம்: கொசுவலை குஞ்சுகளையும் வழித்தெடுத்துவிடும். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது மீனோடு மனிதரையும் கொல்லும்.

மேல்விஷாரத்துக்குத் தோலும் வேண்டும், பாலாறும் வேண்டும். தோல் தொழில் வருடம் முழுக்கச் சோறு போடுகிறது. ஆறு வருவதோ சில வாரம்தான். அந்தச் சில வாரங்களில் வலையில் விழும் கெண்டையைப் பயமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போய், மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, பேரப்பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்ட முடிந்தால், அன்றைக்குப் பாலாறு பிழைத்துவிட்டது என்று சொல்லலாம்.