திரையில் தமிழெழுத்தும் மாணவர் தொண்டும்

கைபேசியிலும் கணிப்பொறியிலும் நாடோறும் தமிழ் வாசிக்கின்ற நாம், அவ்வெழுத்து எங்ஙனம் திரையிலே தோன்றுகின்றதென ஆராய்வது அரிது. அதனைத் தோற்றுவிக்கும் கருவிகளுட் சில உலகத்தார் யாவர்க்கும் பொதுவாயுள்ளன. அவற்றை வளர்த்தோருள் கல்லூரி மாணாக்கரும் உளர். இவ்விஷயத்தை விளக்குதலே ஈண்டு நமது நோக்கம்.

அச்சுக் கோப்பவர் ‘கொ’ என்பதை அமைக்க வேண்டின், கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுக்களை இடமிருந்து வலமாக அடுக்குவார். கணிப்பொறியின் நினைவகத்திலோ இவ்வரிசை இல்லை. யூனிகோடு முறைப்படி ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னுமாக, ஒலிக்கும் முறையிலேயே இரண்டு குறியீடுகள் பதிவாகின்றன. அக்குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ககரத்திற்கு முன்னும் காலைப் பின்னுமாக நிறுத்துவது ஹார்ப்பஸ் என்னும் மென்பொருள் தொகுதி. இதன் பின்னர், எழுத்துருக் கோப்பில் வளைகோடுகளாக உள்ள வடிவத்தை வேண்டிய அளவிற்கு மாற்றி, திரையின் நுண்புள்ளிகளுள் எது எவ்வளவு கருமை பெறவேண்டுமெனக் கணக்கிட்டு வரைவது ப்ரீடைப் என்னும் தொகுதி. முன்னது அச்சுக் கோப்பவரையும், பின்னது அச்சுப்பொறியையும் ஒக்கும்.

ப்ரீடைப் 1996 இல் டேவிட் டர்னர் என்பவரால் தொடங்கப்பெற்றது. அதன் ஒரு பகுதியினின்று கிளைத்த ஹார்ப்பஸைப் பெஹ்தாத் எஸ்பஹ்போத் என்பார் வளர்த்தார். அப்பெயர் பாரசீக மொழியினின்று வந்தது. ஆண்ட்ராய்டுக் கைபேசிகள் இவ்விரண்டையும் கொண்டே இயங்குகின்றன. இவற்றின் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இனி மாணவர் தொண்டைக் கூறுவோம். கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைக்காலத் திட்டத்தில், மாணாக்கர் உதவித்தொகை பெற்று, மூத்தோர் மேற்பார்வையில் இத்தகைய பொதுமென்பொருள்களுக்கு உழைக்கின்றனர். வலைத்தளங்களுக்கெனச் சுருக்கப்பட்ட எழுத்துருக்களைப் படிக்கும் திறனை ப்ரீடைப்பிற்கு 2019 இல் ஒரு மாணவர் அளித்தார். அது 2020 இல் வெளிவந்தது. வண்ணச் சித்திர எழுத்துக்களைக் காட்டும் வழியை அதே ஆண்டில் மற்றொருவர் அமைத்தார். அது வெளிவந்ததோ 2022 இல். எழுதியது ஒரு கோடை. பலர் ஆராய்ந்து ஏற்றதற்கு மூன்று ஆண்டுகள். கோடிக்கணக்கான கருவிகளுட் புகும் நிரலுக்கு அப்பொறுமை அவசியமே.

ஆயின் இவ்வேலைக்குக் கணிதமும் நிரலாக்கமும் மாத்திரம் போதா. கொம்பு இடம் மாறி நிற்றல், புள்ளி மெய்யின்மேல் அமராது விலகுதல், உயிர்க்குறி துணையின்றிப் புள்ளிவட்டத்தின்மேல் தொங்குதல் ஆகிய பிழைகளைத் தமிழ் வாசிக்கும் கண்ணே காணவல்லது. நிரலில் வல்ல அயல்நாட்டார்க்கு அவை பிழையென்றே தோன்றாமற் போகலாம். பிழைபட்ட எழுத்தைக் காணும் இளைஞர், தமிழை விடுத்து ஆங்கில எழுத்திலேயே எழுதத் தலைப்படுவர். ஆதலின் இழப்பு மொழியினுடையது.

இது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரினின்று தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்சுக்கள், புதிய ஏற்பாட்டை அச்சிட மிகப் பெரியனவாயிருந்தன. ஆதலின் அருகிலுள்ள பொறையாற்றிலே சிறிய அச்சுக்களை வார்த்து, 1715 இல் அந்நூலை நிறைவேற்றினர். தொலைவில் இருந்தோர் செய்தனுப்பிய கருவியை, அதனைக் கையாண்டவரே தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டனர்.

நம் பகுதியும் இத்துறைக்கு அயலானதன்று. தாம்பரத்திற்கு வடக்கே இரண்டாவது நிலையமாகிய குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையம், கட்டற்ற மென்பொருளுக்கென 2005 இல் அமைந்த தேசிய மையத்தில் பங்கேற்றது. அம்முயற்சியின் பயனாக, இந்திய மொழிகளைக் கையாளும் பாஸ் லினக்ஸ் தோன்றியது.

தொடங்க விரும்பும் மாணாக்கர் முதலிலேயே நிரல் எழுதவேண்டுவதில்லை. பிழைபட்ட சொல், எழுத்துருவின் பெயர், மென்பொருளின் பதிப்பு, தோன்றிய வடிவம், தோன்றவேண்டிய வடிவம் ஆகிய ஐந்தையும் தெளிவாய்க் குறித்து அனுப்பினாலே அது சிறந்த உபகாரமாகும். தமிழ் பயிலும் மாணவரும் கணிப்பொறி பயிலும் மாணவரும் ஒரு மேசையருகே கூடியிருப்பின், ஒருவர் பிழையைக் காண்பர். மற்றவர் அதன் காரணத்தைத் தேடுவர். அத்தகைய கூட்டுறவிற்குக் கல்லூரியினும் ஏற்ற இடம் வேறில்லை.