ஜாப் கார்ப்ஸ்: தலைக்கு 80,284 டாலர், ஒப்பிட ஆளில்லை

ஏழை இளைஞர்களுக்கு விடுதியோடு தொழிற்பயிற்சி தரும் ஜாப் கார்ப்ஸ் திட்டத்தில் 2025-ல் எடுத்த நடவடிக்கையை அமெரிக்கத் தொழிலாளர் அமைச்சகம் ‘இடைநிறுத்தம்’ என்றது. ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டு, விடுதிகளைக் காலி செய்து, மாணவர்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு நம்மூரில் மூடுவது என்று பெயர். ஒப்பந்தக்காரர்கள் நடத்தும் 99 ஜாப் கார்ப்ஸ் மையங்களுக்கு மே 29-ல் வந்த இந்த உத்தரவின் கெடு 2025 ஜூன் 30. வாசகர் கடிதங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி: ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 80,284 டாலர், அதாவது ஏறக்குறைய 68 லட்சம் ரூபாய் செலவழித்தும் 38.6 சதவீதம் பேர்தான் படிப்பை முடிக்கிறார்கள் என்றால் மூடினால் என்ன? அமைச்சகம் ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண்கள்தாம் இவை. பொய்யில்லை. ஆனால் கரோனாவின் அடி ஆறாத 2023 திட்ட ஆண்டை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு. கட்டில் காலியாகக் கிடந்தாலும் காவலாளிக்கும் சமையல்காரருக்கும் சம்பளம் உண்டு. தலை குறைந்தால் தலைக்கு ஆகும் செலவு ஏறத்தான் செய்யும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, அந்த அறிக்கையில் ஒப்பிட ஆளில்லை என்பது. பள்ளியைப் பாதியில் விட்ட ஓர் ஏழை இளைஞர் இங்கே சேராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? இதற்கு விடை தேடிய ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் இதே அமைச்சகம்தான். 1994 நவம்பர் முதல் 1996 பிப்ரவரி வரை தகுதிபெற்ற ஏறத்தாழ 81,000 விண்ணப்பதாரர்களில் சுமார் 6,000 பேரைக் குலுக்கலில் எடுத்து, மூன்றாண்டுகளுக்குச் சேர முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வறுமை, ஆர்வம், குடும்பச் சூழல் எல்லாம் இரு பக்கமும் சராசரியில் ஒன்றே. ஆகவே பிறகு தெரியும் வித்தியாசம் பயிற்சியின் வேலை. கெட்டிக்கார ஏற்பாடு. உதவி கேட்டு வந்தவரைச் சீட்டுக் குலுக்கி வெளியே நிறுத்தியது நெருடவும் செய்கிறது. அந்த விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது இது: மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் சம்பாத்தியம் சேராதவர்களைவிட ஏறக்குறைய 12 சதவீதம் அதிகம், கைதானவர்களும் குறைவு. பின்னர் வரிப் பதிவேடுகளைப் புரட்டியபோது, இளையவர்களிடம் அந்த வருமான ஆதாயம் கரைந்திருந்தது; 20 முதல் 24 வயதில் சேர்ந்தவர்களிடம் நிலைத்திருந்தது. இரு தரப்புக்கும் கசக்கும் முடிவுதான். ஆனால் பதினாறு வயதுக்காரருக்கு வேறு விதமாகக் கற்பிக்க வேண்டும் என்றுதான் அதிலிருந்து வாதாடலாம். 99 மையங்களுக்கும் பூட்டுப் போட அதில் ஆதாரமில்லை.

முப்பது ஆண்டு பழைய ஆய்வு, அன்றைய வேலைகளே இன்று இல்லை என்பார்கள். நியாயம். அப்படியானால் புதிய ஆய்வு நடத்தட்டும். ஒப்பீடே இல்லாத ஓராண்டுக் கணக்கு அதற்கு ஈடாகாது. மையங்களில் நடக்கும் வன்முறைக்கு ஆதாரமாக அமைச்சகத்தின் அதே அறிக்கையில் 14,913 ‘கடுமையான சம்பவங்கள்’ காட்டப்படுகின்றன. அந்தக் கணக்கில் மின்தடைகூட அடங்கும் என்கிறது மைய நடத்துநர்களின் சங்கம். பிரித்துக் காட்டியிருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

வனத்துறை நடத்தும் மையங்கள்? இந்த உத்தரவில் இல்லை.

உத்தரவுப்படி எத்தனை பேர் வெளியேற வேண்டியிருந்தது? சுமார் 25,000.

கெடு நின்றதா? நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஜூனில் தற்காலிகத் தடை விதித்தது. 1964-ல் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தொடங்கியதை அமைச்சகம் தன்னிச்சையாக மூடலாமா என்பதுதான் வழக்கு.