கணினியின் உறுப்புப் பிணக்கும் அதனை ஆராயும் முறையும்

பிணக்கு என்பது குற்றமுடையாரிடையே மட்டும் தோன்றுவதன்று. குற்றமற்ற இருவர் ஒரு பொருளையே தமதெனக் கொள்ளுமிடத்தும் அது தோன்றும். இவ்வுண்மை மக்கட்கேயன்றிப் பொறிகட்கும் பொருந்தும். உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினி முதல்நாளே இயங்க மறுக்குமாயின், அவற்றுள் ஒன்று பழுதுற்றதெனக் கொள்வதே பலர்க்கும் இயல்பு. ஆயின், பல வேளைகளில் பழுதுற்ற உறுப்பு யாதும் இராது; தனித்து நன்கு இயங்கும் இரண்டு உறுப்புக்கள் ஒருங்கு சேர்ந்தவிடத்து ஒன்றையொன்று தடுத்து நிற்கும். பழுதும் பிணக்கும் வேறுவேறானவை. பழுதுக்கு மருந்து மாற்றுறுப்பு. பிணக்குக்கு மருந்து ஒழுங்கு.

பதுளையிலும் ஊவா மாகாணத் தோட்டப் பகுதிகளிலும் இவ்வேறுபாட்டை அறிதல் பெரிதும் வேண்டற்பாலது. கொழும்பிலிருந்து பதுளை புகைவண்டிப் பாதை வழியே ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பசறை, லுணுகலை, நமுனுகுலை ஆகிய இடங்களின் தோட்டங்கட்கு அதற்கப்பாலும் மலைவழி செல்லல் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1000 ரூபாவாக நிருணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலோ, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி 360 ரூபாவளவிற்கு உயர்ந்தது. இறக்குமதிப் பொருளாகிய கணினியுறுப்புக்களின் விலையும் அதனோடு ஏறிற்று. இந்நிலையில், நல்ல உறுப்பொன்றைப் பழுதென மயங்கி மற்றொன்றை வாங்குதல் பல நாட்களின் உழைப்பை வீணே இறைப்பதாகும்.

பிணக்கின் இயல்பைத் தோட்ட வாழ்விலிருந்தே விளக்கலாம். நெடுங்காலமாக இலயங்களில் வாழ்ந்தோர் பலர்க்குத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயருக்கே கடிதங்கள் வந்தன. ஒரே பெயருடைய இருவர் அங்கிருப்பின், ஒருவர்க்குரிய கடிதம் மற்றவர் கையிற் சேர்தல் கூடும். இதில் எழுதியவரும் பெறுபவரும் குற்றமுடையரல்லர். முகவரி தனித்தன்மை பெறாமையே குற்றம். கணினியின் முற்காலப் பிணக்குக்களும் இத்தகையனவே.

1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியில், உறுப்புக்கள் மையச் செயலியை அழைப்பதற்கு எட்டு அழைப்புத் தடங்களே இருந்தன. 1984 இல் வந்த வகையில் மேலும் எட்டுச் சேர்க்கப்பட்டன. எனினும் ஒரு தடம் இரு தொகுதிகளையும் பிணைப்பதற்கே சென்றமையால், பயன்கொள்ள எஞ்சியவை பதினைந்தே. கடிகாரம் முதல் தடத்தையும் விசைப்பலகை அடுத்ததையும் கொண்டன. முதலாம் தொடர்வாயிலும் மூன்றாம் தொடர்வாயிலும் ஒரே இலக்கத்தைப் பகிர்ந்தன. ஆதலால், முன்னையதிற் சுட்டியும் பின்னையதில் மோடமும் இணைக்கப்பெற்ற கணினியில், மோடம் தொலைபேசியை அழைக்கத் தொடங்கியதும் சுட்டி அசைவற்று நிற்பதுண்டு. சுட்டியை மாற்றினும் பயனில்லை. மோடத்தை மாற்றினும் பயனில்லை. அட்டையின் ஊசிகளை இணைக்கும் சிறு மூடியை இடம்பெயர்த்து வேறிலக்கம் வழங்கியவுடன் இரண்டும் இயங்கின.

1992 இல் தோன்றிய பி.சி.ஐ. அமைப்பு ஒரே தடத்தைப் பல உறுப்புக்கள் முறையாகப் பகிர வழிசெய்தது. இலக்கங்களைக் கணினி தானே பங்கிட்டளிக்கும் முறை 1993 இல் வகுக்கப்பட்டு, 1995 இல் விண்டோஸ் 95 வாயிலாகப் பரவிற்று. இதனால் இலக்கப் பிணக்கு ஏறக்குறைய மறைந்தது. ஆயினும், பிணக்கு அழியவில்லை, வேறிடம் புகுந்தது.

இந்நாளைய பிணக்குக்களுள் நான்கு குறிப்பிடத்தக்கன. முதலாவது, தாய்ப்பலகையின் பயோஸ் மென்பொருள் மையச் செயலியினும் பழையதாயிருத்தல். 2018 இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் புதிய ரைசன் செயலிகளை வாங்கியோர் சிலர் இவ்விடர்ப்பாட்டை எய்தினர். பலகையும் நன்று, செயலியும் நன்று, ஆயினும் பலகை செயலியை அறிந்திலது. பயோஸைப் புதுப்பித்துக்கொள்ளும் பொருட்டு அந்நிறுவனம் வேறொரு செயலியை இரவலாக வழங்கிற்று. இரண்டாவது, ஒரே தடத்தை இரு வாயில்கள் பகிர்தல். பல தாய்ப்பலகைகளில் எம்.2 வாயிலொன்றிற் சேமிப்பகம் பொருத்தப்பட்டதும் சாட்டா வாயில்கள் சில செயலிழக்கும். மூன்றாவது, நினைவகத்தின் மிகை. ரைசன் 7000 வரிசைச் செயலிகட்கு, இரு நினைவகத் துண்டுகள் உள்ளவிடத்துச் செக்கனுக்கு 5200 மெகா மாற்றங்கள் என விதிக்கப்பட்ட வேகம், நான்கு துண்டுகளாகுமிடத்து 3600 ஆகக் குறைகின்றது. இவ்வளவை மீறி வேகத்தை அமைப்பின் கணினி தடுமாறுதல் கூடும். நான்காவது, யு.எஸ்.பி. 3.0 கருவிகள் எழுப்பும் மின்காந்த இரைச்சல், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கம்பியில்லாச் சுட்டியைத் தடுத்தல். இதனை இன்டெல் நிறுவனம் 2012 இல் ஓர் அறிக்கை வாயிலாக விளக்கிற்று. இரண்டனையும் சற்றே விலக்கி வைப்பின் பெரும்பாலும் தீரும்.

இனி, ஆராயும் முறையை நோக்குவாம். நம் அளவை நூலார் காரணத்தைத் துணிதற்கு அந்வயம், வெதிரேகம் என இரண்டு நெறிகளை வகுத்தனர். காரணம் உள்ளவிடத்துக் காரியமும் உண்டாதல் அந்வயம். காரணம் இல்லாதவிடத்துக் காரியமும் இல்லாதொழிதல் வெதிரேகம். கணினியாய்வுக்கு இவ்விரண்டே போதிய கருவிகளாம்.

முதற்கண் மின்னிணைப்பை முற்றாக நீக்கி, தாய்ப்பலகை, விசிறியோடு கூடிய மையச் செயலி, ஒரு நினைவகத் துண்டு, மின்வழங்கி என்பவற்றை மட்டும் எஞ்ச விடுதல் வேண்டும். செயலியிற் காட்சி வசதி இல்லையாயின் காட்சி அட்டையும் இருத்தல் வேண்டும். இந்நிலையில் இயங்குமாயின், ஒவ்வொரு முறையும் மின்னை நீக்கி, ஏனையவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, விளைவைக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டை ஒருசேரச் சேர்த்தலாகாது; சேர்ப்பின் எது காரணமெனத் துணிதல் அரிது.

ஓர் உறுப்பைச் சேர்த்ததும் தடை தோன்றி, நீக்கியதும் மறைந்தால், அவ்வுறுப்பு பழுதென உடனே தீர்ப்பளித்தலும் தவறு. மற்றவற்றை நீக்கி அதனைத் தனித்தும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். தனித்தும் பிற கணினியிலும் இயங்காதாயின் பழுது. தனித்து இயங்கி, மற்றொன்றோடு சேர்ந்து இயங்காதாயின் பிணக்கு. எடுத்துக்காட்டாக, புதிய எம்.2 சேமிப்பகம் சேர்ந்ததும் பழைய வன்தட்டு காணாமற்போயிற்று எனக் கொள்வோம். சேமிப்பகத்தை நீக்க வன்தட்டு மீளத் தோன்றுமாயின், அது பழுதன்று. தாய்ப்பலகையின் கைந்நூலைப் பார்த்து வன்தட்டின் வடத்தை வேறொரு சாட்டா வாயிலுக்கு மாற்ற, இரண்டும் இயங்கும். இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

சேர்த்தலுக்கும் நீக்கலுக்கும் இணங்காது, குறித்த பொழுதிலே மட்டும் தோன்றும் தடையும் உண்டு. அதன் காரணத்தைக் கணினிக்கு வெளியே தேடுதல் தகும். இலங்கையின் மின்னழுத்தம் 230 வோல்ற்று என வகுக்கப்பட்டதெனினும், நீண்ட மின்வழியின் கடைக்கோடியில் மாலைவேளை அது தாழ்தல் கூடும். பருவக்காற்றுக்கட்கு இடைப்பட்ட ஏப்பிரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமின்னல் மிகும். அவ்வேளை மின்செருகியையும் இணைய வடத்தையும் கழற்றி வைத்தல் நன்று. பழைய இலய அறைகளிற் புவியிணைப்பு உளதாவென உரிய மின்வினைஞரைக் கொண்டு அறிதலும் இன்றியமையாதது.

இம்முறை கணினி வல்லுநர்க்கே உரியதன்று. பொறுமையும் குறிப்பேடும் உடைய மாணவர் எவர்க்கும் உரியது. கண்டவுடன் பழியைச் சுமத்தாது, தனித்தும் கூட்டியும் ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுதல் அதன் சாரம். இதனைப் பயின்ற மாணவர், வீட்டின் சிறுபொருளைக் காப்பதோடு, காரணங்காணும் அறிவையும் எய்துவர்.