லே போகும் சைக்கிளுக்குச் சாமான் வாங்கிய கதை

2024 ஜனவரியில் ஒரு ராத்திரி, என் மகள் எங்கள் கரோல் பாக் வீட்டு மொட்டை மாடியில் கூடாரம் அடித்துப் படுத்துக்கொண்டாள். ஜனவரி மாத டெல்லிக் குளிர் எப்படி இருக்கும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ரஜாய்க்குள் படுத்திருந்த எனக்கே தூக்கம் வரவில்லை. இரண்டு மணி சுமாருக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், புது ஸ்லீப்பிங் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடுங்கியபடி நிற்கிறாள். பல் கிட்டி, பேச்சு வரவில்லை. பாலைக் காய்ச்சிக் கொடுத்து, என் ரஜாய்க்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"மைனஸ் 5 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததே அம்மா," என்றாள், கொஞ்சம் சூடு ஏறிய பிறகு.

எங்கள் வீட்டில் இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகப்போவதாக முந்தைய தீபாவளிக்கு அவள் அறிவித்தாள். 470 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ரோத்தாங், பாரலாச்சா, நக்கீ, லாச்சுலுங், தங்லாங் என்று ஐந்து கணவாய்கள். கடைசிக் கணவாய் 5,328 மீட்டர் உயரம். ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு வண்டிகள் ரோத்தாங் ஏறாமலே அந்தப் பக்கம் போய்விடுகின்றன. ஆனால் இவர்கள் பழைய பாதையிலேயே ஏறுவார்களாம். என் கணவர் கணக்குப் பார்த்து, "இந்தச் செலவில் நாலு பேர் டாக்ஸி வைத்துக்கொண்டு போய்விட்டு வரலாம்," என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கவலை.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் புதுக்கோட்டைக்காரி. 1991-92-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது, எங்கள் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். நானும் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவள்தான். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. நான் எப்படித் தடுப்பது? ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வாங்குகிற சாமான் ஒவ்வொன்றையும் முதலில் டெல்லியில் பரீட்சை பார்க்க வேண்டும். நானும் கடைக்கு வருவேன்.

மறுநாள் காலை அந்த ஸ்லீப்பிங் பேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறையின் மேல் பெரிதாக மைனஸ் 5. உள்ளே தையலோரம் பொடி எழுத்தில் மூன்று எண்கள்: 11, 7, மைனஸ் 5. இது ஐரோப்பியத் தர அளவாம். முதல் எண் ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். இரண்டாவது, ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர். மூன்றாவது எண்ணில் தூக்கமே கிடையாது. ஆறு மணி நேரம் வரை உயிர் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். கைகால் விரல் குளிரில் மரத்துப் புண்ணாவதற்கு உத்தரவாதம் இல்லை. விற்பவர் பெரிய எழுத்தில் போட்டது அந்த மூன்றாவது எண்ணை! எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் மாடியில் அன்று 5 டிகிரி. கீழே அம்மாவும் அடுப்பும் இருந்தன. சர்ச்சுவில் 4,290 மீட்டரில், செப்டம்பர் ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது எந்தக் கதவைத் தட்டுவாள்?

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். உபயோகித்துவிட்டீர்களாம். 1,900 ரூபாய் போனது போனதுதான். அது இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குப் படுக்கையாக இருக்கிறது. புதிதாக, முதல் எண்ணே மைனஸ் 4 என்று போட்ட, வாத்து இறகு அடைத்த பையைத் தேடி வாங்கினோம். பதினாலாயிரம் ரூபாய். பில்லைப் பார்த்து என் கணவர் வாயைத் திறப்பதற்குள், ஜனவரி ராத்திரியை ஞாபகப்படுத்தினேன். அவரே கார்டை எடுத்து நீட்டினார். கூடப் போகும் பையன்கள் இருவரும் மணாலியில் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பயணம்தான் என்றால் அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வாடகைப் பையிலும் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இறகுப் பைக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் இறகு சப்பென்று ஒட்டிக்கொள்ளும், சூடு நிற்காது. பஞ்சு மாதிரி செயற்கை இழை அடைத்தது கனமானாலும் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். இன்னொன்று, உடம்பின் அடியில் நசுங்கிய பாகம் எந்தப் பையானாலும் சூடு தராது. தரையின் குளிர் நேரே முதுகில் ஏறும். பிப்ரவரியில் இரண்டாம் பரீட்சை வைத்தபோது, யோகா பாயில் ஒரு ராத்திரி, மடிக்கிற கெட்டி நுரைப் பாயில் ஒரு ராத்திரி என்று படுக்க வைத்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு நான் போய் எழுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பாய் 1,500 ரூபாய்க்குள்தான். பாயில் மிச்சம் பிடித்துப் பையில் கொட்டுவது தப்பு என்று தெரிந்தது.

அடுத்து, சாமானை சைக்கிளில் எப்படிக் கட்டுவது? நம் பால்காரர் மாதிரி கேரியர் வைத்து, இரண்டு பக்கமும் பை தொங்கவிடுவது பழைய வழி. அவள் சைக்கிளில் கேரியர் பூட்டத் துளையே இல்லை. இப்போதைய வழக்கம், ஹேண்டில்பாரில் ஒரு உருளைப் பை, சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு பை, நடுவில் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு பை. கரடுமுரடான பாதையில் கேரியரின் திருகாணி கழன்று ஆடாது. கனமும் நடுவில் நிற்கும். முக்கோணப் பைக்கு மட்டும் ஐயாயிரம் விலை சொன்னார்கள். ஒரு துண்டு துணி, ஒரு ஜிப், நாலு பட்டி. இதற்கு ஐயாயிரமா? என் உஷா மெஷின் எதற்கு இருக்கிறது?

அட்டையை முக்கோணத்தில் வைத்து அளவு வெட்டினேன். நபி கரீமில் பை தைக்கிறவர்களிடமிருந்து கெட்டி நைலான் துணியும் பெரிய பல் ஜிப்பும் வாங்கி வந்தேன். 18-ஆம் நம்பர் ஊசி போட்டும், நாலு மடிப்பு சேர்கிற மூலையில் இரண்டு ஊசி உடைந்தது. முதல் பையை 9 சென்டிமீட்டர் அகலம் வைத்தேன், நிறையக் கொள்ளட்டும் என்ற அம்மா புத்தியில். பெடல் மிதித்தால் இரண்டு முழங்காலும் உரசியது. பிரித்து 6 சென்டிமீட்டராகக் குறைத்தேன். ஜிப்புக்கு மேலே ஒரு மடிப்புத் துணி விட்டேன், மழை நேரே இறங்காமல் இருக்க. மொத்தம் 700 ரூபாய்க்குள் முடிந்தது. ஹேண்டில்பார்ப் பையும் வால் பையும் கடையில் வாங்கியவை. வால் பை ஆடாமல் நிற்க உள்ளே கெட்டித் தகடு வேண்டும். அது என்னால் ஆகாது.

ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட் எங்களுக்கு நடை தூரம். அங்கே ஒரு வயதான சர்தார்ஜி எங்களிடம் சாமான் விற்பதை விட்டுவிட்டு, கேள்வி கேட்டார். "மாதாஜி, இந்த ட்யூபின் வால்வைப் பாருங்கள். மெலிசான வால்வு. வழியில் காற்று பம்ப் வைத்திருப்பவன் எதை மாட்டுவான்?" அவள் டயர் 29 இஞ்சு, ட்யூபில் பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு. நம் ஊர் பஞ்சர் கடைப் பம்பு அட்லஸ், ஹீரோ, ஹெர்குலிஸ் சைக்கிளின் தடித்த வால்வுக்கு ஏற்றது. லாரிக்காரரின் பம்பு இன்னொரு மாதிரி. அரை விரல் நீளப் பித்தளை அடாப்டர் ஒன்றைத் தந்தார். சில்லறைக் காசு. நாங்கள் வாங்கியதிலேயே மலிவானதும் உதவியானதும் அதுதான். கூடவே இரண்டு ட்யூப், பிரேக் கட்டைகள், செயின் கண்ணி, இரண்டு ஸ்போக் என்று அவரே எடுத்துக் கட்டினார். டயரை மட்டும் மாற்றச் சொன்னார். பழைய டயரின் பக்கச் சுவரில் நூல் தெரிந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை!

அடுப்பு விஷயத்தில் மட்டும் நான் எல்லோரையும் மடக்கினேன். சின்ன கேஸ் அடுப்பு வாங்கி வைத்திருந்தார்கள், டப்பாவில் வெறும் பியூட்டேன். அது மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ராத்திரிக் குளிரில் டப்பா நிறைய இருந்தும் சுடர் வராது. புரோப்பேன் கலந்த டப்பாதான் வேண்டும். அதையும் டெல்லியிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகக் கூடாது, மணாலியில்தான் வாங்க வேண்டும். நாம் ஒரு காலத்தில் பின் குத்திக் குத்திப் பற்றவைத்த பம்ப் ஸ்டவ் குளிரிலும் எரியும் என்றேன். சிரித்தார்கள்.

பருப்பும் அரிசியும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். சர்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. குக்கரைத் தூக்கிக்கொண்டா போவாள்? வறுத்த ரவையில் தாளிதம் சேர்த்து உப்புமாப் பொட்டலங்கள், கெட்டி அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்து மாவு எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். அவலுக்கு வெந்நீர் ஊற்றினால் போதும்.

மார்ச்சில் மூவரும் காத்கோதாமிலிருந்து முக்தேஷ்வர் வரை ஏறி இறங்கிப் பரீட்சை பார்த்தார்கள். இரண்டாம் நாள் நல்ல மழை. என் அருமைப் பைக்குள் தண்ணீர்! துணி தண்ணீர் விடாததுதான். ஆனால் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஒரு வாசல் என்று எனக்குத் தோன்றவில்லை. தையல்மேல் பசை தடவினேன். அதையும் நம்பாமல், ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத் துணியையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் முறுக்கிக் கட்டச் சொன்னேன். திரும்பி வந்ததும் கபாடிக்காரரின் தராசைக் கடன் வாங்கி நிறுத்தோம். 14 கிலோ. மூன்றாவது ஜீன்ஸ், ஷாம்பு பாட்டில், மடக்கு நாற்காலி என்று வெளியே போட்டு 11 கிலோவுக்குக் கொண்டுவந்தோம். நாற்காலி போனதில் அவளுக்கு இன்னும் வருத்தம்.

ஒன்றை மட்டும் கடையில் வாங்க முடியவில்லை. உடம்பு உயரத்துக்குப் பழகும் நாட்கள். 10 நாளில் முடிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கேலாங்கிலும் சர்ச்சுவிலும் ஒரு நாள் சும்மா இருக்கச் சொன்னார். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது, இறங்க வேண்டும் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்ல வைத்தார். லடாக்கில் வேலை செய்வதற்காக ஒரு போஸ்ட்பெய்ட் சிம்மும் வாங்கினோம்.

ஆகஸ்ட் கடைசியில் கஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றினார்கள். இவர் கயிற்றின் முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

தார்ச்சாவுக்கு அப்புறம் நான்கு நாள் போன் இல்லை. அந்த நான்கு நாளும் நான் மாடிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் மாலை வேறு ஏதோ எண்ணிலிருந்து கூப்பிட்டாள். சர்ச்சுவில் ஒரு பையனுக்குத் தலைவலியும் வாந்தியும். விடிந்ததும் லாரி ஒன்றில் ஏற்றி ஜிஸ்பா வரை இறக்கியிருக்கிறார்கள். அவன் அங்கிருந்து மணாலி போய்விட்டான், இப்போது நன்றாக இருக்கிறான். மற்ற இருவரும் மறுபடி மேலே ஏறி, பங்க் தாண்டிவிட்டார்களாம்.

"ராத்திரி குளிரிற்றா?" என்று கேட்டேன்.

"பாட்டில் தண்ணீர் உறைந்துவிட்டது அம்மா. நான் தூங்கிவிட்டேன்."

பதினாலாம் நாள் லே போய்ச் சேர்ந்தாள். பையின் ஜிப் கடைசிக் கணவாயில் பல் விட்டுவிட்டதாம், கயிற்றால் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பாதியில் இறங்கிய அந்தப் பையன் இந்த வருஷம் மறுபடி போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை தன் சைக்கிளோடு வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, எனக்கும் ஒரு பை," என்று நின்றான். அவன் சைக்கிளின் முக்கோணம் பெரிது. நபி கரீமுக்கு மறுபடி போக வேண்டும். இந்தத் தடவை ஜிப் இன்னும் பெரிய பல்லாகப் பார்த்து வாங்கப்போகிறேன்.