மாதிரி மரக்கலத்துக்குப் பலகை பொருத்துதல்

நம் கல்லூரி நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டுள்ள கப்பல் மாதிரியைப் பழைய மாணவர் பலர் பார்த்திருப்பர். பார்த்தோரிற் சிலர் என்னை நோக்கி, "தெரணியகலையிலே கப்பலுக்கு என்ன வேலை?" என்று வினவினர். நியாயமான வினாவே. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும்; கடலை ஒருமுறையேனும் காணாத பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உளர். ஆயினும் நம்மூரை ஒட்டி ஓடும் சீதாவாக்கை ஆறு களனி கங்கையோடு கலந்து கொழும்பின் வட எல்லையிற் கடலை அடைகின்றது. நம் முன்னோரும் கடல்வழி வந்தோரே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு தொடுத்த நீராவிக்கப்பற் சேவை 1914 இலேதான் தொடங்கிற்று. அதற்கு முன்னர்ப் பாய்த்தோணிகளில் ஏறி வந்தோர் பலர். அத்தோணிகளின் பலகைக்கும் பலகைக்கும் இடையே நீர் புகாதிருந்தமையால் அன்றோ நாம் இன்று மலைநாட்டில் இருந்து இவ்வினாவை வினவுகின்றோம்!

மாதிரிக்கு மூலமாக யாம் கொண்டது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் இருபாய்மரக் கப்பல். அதன் நீளம் 89 அடி. ஸ்வாப் என்னும் சிறு படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். (ஸ்வாப் என்பது கனவைக் குறிக்கும் வடசொல்; தமிழாசிரியன் இதைச் சொல்லாமற் போக முடியவில்லை.) வல்வை மாலுமியர் சிலரையும் கொண்டு அக்கப்பல் சுயெஸ் கால்வாயைக் கடந்து, அத்திலாந்திக் பெருங்கடலைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையை அடைந்தது. வடகரைத் தச்சர் பொருத்திய பலகைகள் அப்பெருங்கடலின் அடிகளைத் தாங்கின. எம் மாதிரி அக்கப்பலின் அச்சான பிரதி என்று யான் சொல்லத் துணியேன். வரைபடம் எம் கையில் இல்லை. படங்களைக் கண்டும் நீளத்தைக் கொண்டும் செய்த முயற்சியே அது.

1 அடிக்குக் கால் அங்குலம் என்னும் அளவை எடுத்தோம். அஃதாவது 48 இல் ஒரு பங்கு. இவ்வளவின்படி 89 அடி 22¼ அங்குலமாகும். இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகை 24 இல் ஒரு பங்கு அங்குலமாகும். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஆறங்குல அகலம் அரைக்கால் அங்குலமாகும். 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கடற்படைச் சபைக்காகச் செய்யப்பட்ட மாதிரிகளும் பெரும்பாலும் இவ்வளவினவே. அவற்றின் அடிப்பாகத்துக்குப் பலகை பொருத்தாது, உள்ளே இருக்கும் சட்டங்கள் தெரியும்படி விட்டிருப்பர். இதனைப் பின்னர் மீண்டும் கூறுவேன்.

கப்பலின் உடல் எவ்வாறு அமைகின்றது என்பதை மாணவருக்காகச் சுருங்கச் சொல்லுகின்றேன். அடியில் நெடுக ஓடும் மரம் ஏரா. முன்புறம் அணியம், பின்புறம் அமரம். ஏராவின் குறுக்கே விலா எலும்புகள் போல நிற்பவை சட்டங்கள். இச்சட்டங்களின் மேல் அணியத்திலிருந்து அமரம்வரை வரிவரியாகப் பலகைகள் செல்லும். ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் விளிம்போடு பொருந்தி மட்டமாக நிற்பது ஒரு முறை. ஒன்றின்மேல் மற்றொன்று சிறிது ஏறி நிற்பது வேறொரு முறை. யாம் கொண்டது முன்னையது. சட்டங்களுக்குப் பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை அறுத்தோம். தேயிலை இப்பொழுது கடதாசிப் பைகளிற் செல்வதால் அப்பெட்டிகள் அருகிவிட்டன. ஒன்று கிடைத்தமை எம் நல்லூழ். பலகைக்குச் சிங்களத்தார் லுணுமிதெல்ல என்றும் நாம் மலைவேம்பு என்றும் கூறும் மரம். நம் பகுதியில் வளர்வது, இலேசானது, சீவுளிக்கு இணங்குவது. நார் சற்றுப் பெரிதாகையால் மெல்லிய கீற்றாக அறுக்கும்போது பிளவுபடும் என்பதே அதன் குறை.

முதலிற் கட்டிய உடல் பாழாயிற்று. அதைச் சொல்லாவிடின் இக்கட்டுரையாற் பயனில்லை. அரைக்கால் அங்குல அகலமுள்ள கீற்றுகளை ஒரே சீராக அறுத்து வைத்துக்கொண்டு, சுவருக்குச் செங்கல் அடுக்குவது போல ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிச் சென்றோம். நடுவிலே அழகாக அமைந்தது. பத்தாவது வரிக்கு வந்தபோது அணியத்தருகே பலகைகள் மேனோக்கி ஏறத் தொடங்கின. சட்டத்தோடு படியாது ஒரு விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றன. மாணவர் விடவில்லை. ஊசியால் இறுக்கி, நூலாற் கட்டி, பசையை வழிய வார்த்துப் படியச் செய்தனர். மறுநாட் காலையில் வந்து பார்த்தால் பாதி ஊசிகள் தெறித்துக் கிடந்தன. இரண்டு பலகைகள் முறிந்திருந்தன. ஏரா ஒருபுறம் கோணியிருந்தது. ஒரு தவணை உழைப்பு. அதைக் கண்ட பிள்ளைகளின் முகத்தை யான் எளிதில் மறவேன்.

தோட்டத்தில் தச்சுவேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். அவரும் கப்பல் கட்டியவரல்லர். உடைந்த பலகையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, "பலகைய மிரட்டாதீங்க ஐயா. அது போற வழியப் பாத்துச் சீவிக் குடுங்க" என்றார். இச்சொல்லின் பொருள் விளங்க எமக்குச் சில வாரம் சென்றது.

பலகை மூவகையாக வளையக்கூடும். தட்டையான முகத்தின்பால் வளைவது ஒன்று. நீளவாட்டில் முறுகுவது ஒன்று. விளிம்பின்பால் வளைவது ஒன்று. முதலிரண்டுக்கும் அது இணங்கும், மூன்றாவதற்கு இணங்காது. காரணம் கணக்கிலேயே உண்டு. எம் கீற்றின் அகலம் தடிப்பின் மும்மடங்கு. அத்தகைய கீற்றை விளிம்பின்பால் வளைப்பதற்குத் தட்டையாக வளைப்பதினும் ஒன்பது மடங்கு வலிமை வேண்டும்; அகலத்துக்கும் தடிப்புக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமே அது. வலிந்து வளைத்தாலும் அதன் உள்விளிம்பு சுருங்க, வெளிவிளிம்பு நீளவேண்டும். மரம் சுருங்குவதற்குச் சிறிது உடன்படும், நீளுவதற்கு உடன்படாது. எனவே முறியும், அல்லது பசை விடும்வரை பொறுத்திருந்து நிமிரும்.

அவ்வாறாயின் பலகை ஏன் அணியத்தருகே விளிம்பின்பால் வளைய நேர்கின்றது? கப்பலின் நடுவிலே உடல் பருத்தும் முனைகளிலே சிறுத்தும் இருத்தலினாலேயே. எம் மாதிரியின் நடுச்சட்டத்தில் மேல்விளிம்பு தொடங்கி ஏரா வரையுள்ள சுற்றளவு ஒருபுறத்தில் 3¾ அங்குலம். அரைக்கால் அங்குல வீதம் அதில் 30 வரிகள் அடங்கும். அணியத்திலோ அதே தூரம் 2¼ அங்குலமே. அங்கே முழு அகலமுள்ள பலகைகள் பதினெட்டுக்கே இடமுண்டு. எஞ்சிய பன்னிரண்டும் எங்கே போகும்? ஏறத்தான் செய்யும். முப்பதும் அணியத்தை அடையவேண்டுமாயின் ஒவ்வொன்றும் அங்கே தன் அகலத்தில் ஐந்தில் மூன்று பங்காகக் குறுகவேண்டும். இதுவே முதியவர் சொன்ன 'போகிற வழி'. பலகையைப் பொருத்திய பின் வளைப்பதன்று; பொருத்துமுன் சீவுவதே வேலை.

ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு குறுகவேண்டும் என்பதை அறியும் வழி மிக எளிது. மெல்லிய கடதாசிக் கீற்றைச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேல்விளிம்பும் ஏராவும் வருமிடங்களிற் குறி இடவேண்டும். பின்னர்ப் பெரிய தாளொன்றில் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரியும் 31 கோடுகளை, அடியிலுள்ள நேர்கோடொன்றைச் சமமாக 30 பங்கிடுமாறு வரையவேண்டும். கடதாசிக் கீற்றை அடிக்கோட்டுக்குச் சமாந்தரமாக வைத்து மேலும் கீழும் நகர்த்தினால், ஓரிடத்தில் அதன் இரு குறிகளும் இரு ஓரக் கோடுகளைத் தொடும். இடையிலுள்ள கோடுகள் வெட்டுமிடங்களே பலகை விளிம்புகள். வடிவொத்த முக்கோணங்களைப் பற்றிக் கணித ஆசிரியர் கற்பித்தது எதற்கு என்று கேட்ட மாணவன் ஒருவன் அன்று பின்னர்க் கேட்கவில்லை.

அணியத்திற் பலகை தன் அகலத்தின் பாதிக்கும் கீழே குறுக நேர்ந்தால் அவ்வாறு சீவலாகாது. அத்தகைய கூர்நுனியில் ஆணி நில்லாது. அவ்விடத்தில் இரண்டு வரிகளை முடித்து, அவற்றின் முன்னே ஒரே பலகையைத் தொடுப்பர். அமரத்தின் கீழே இதற்கு மாறாக உடல் விரியும் இடமுண்டு; அங்கே வரிகளுக்கிடையே ஆப்புப் போன்ற துண்டுகளை இடுவர். எம் மாதிரியின் அமரத்தில் இருபுறமும் இரண்டிரண்டு துண்டுகள் உள; குனிந்து பார்ப்போர் காணலாம்.

பலகை ஒட்டுமுன் செய்யவேண்டிய இன்னொன்று சட்டங்களின் விளிம்பைச் சாய்வாக அராவுதல். நடுவிலே சட்டத்தின் விளிம்பு நேராக இருக்கலாம். முனைகளை நோக்கிச் செல்லச் செல்லப் பலகை சாய்ந்து வருவதால், விளிம்பும் அதற்கேற்பச் சாயாவிடின் அதன் ஒரு கூர்மூலையே பலகையைத் தொடும். மெல்லிய மூங்கிற் சிம்பொன்றைச் சட்டங்களின் மேல் வைத்து வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் முழுமையாகப் படியும்வரை அரத்தால் அராவினோம். பொறுமையற்றோர் இந்த வேலையையே விட்டுவிடுவர். முதல் உடலில் யாமும் விட்டோம்.

அணியத்தின் திருப்பத்திலே தட்டையான வளைவும் முறுக்கும் ஒருங்கே வரும். அதற்கு வெப்பம் துணை செய்யும். மரநார்களைப் பிணைத்திருக்கும் இலிக்னின் என்னும் பொருள் ஈரச்சூட்டில் இளகி, ஆறும்போது புதிய வடிவிலே இறுகும். பெரிய கப்பலுக்குப் பலகையை நீராவிப் பெட்டியில் இடுவர். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணிநேரம் என்பது பொதுவான கணக்கு. எம் கீற்றுகளுக்கு அரைமணிநேரம் வெந்நீர் போதியதாயிற்று. பின்னர் உள்ளே விளக்கு ஏற்றிய தகரப் பேணியின்மேல் மெல்ல வளைத்து, ஈரம் முற்றாக உலர்ந்தபின்னரே ஒட்டினோம். ஈரத்தோடு ஒட்டிய பலகை உலரும்போது சுருங்கி இடைவெளி காட்டும். இடப்புறம் ஒன்று ஒட்டினால் உடனே வலப்புறமும் ஒன்று ஒட்டவேண்டும். ஏரா கோணியதற்கு முதன்முறை இவ்விதியைப் பேணாமையே காரணம்.

மேல்விளிம்பிலிருந்து கீழும், ஏராவிலிருந்து மேலுமாக வரிகள் வந்து உடலின் திருப்பத்தருகே சந்திக்கும். இறுதிப் பலகைக்குரிய இடைவெளி எந்த இரு சட்டங்களிலும் ஒன்றாயிராது. அதைக் கடதாசியிற் பதித்து, வெட்டி, சீவி, மறுபடியும் சீவி இடவேண்டும். மேலைநாட்டுக் கப்பற் பட்டறைகளில் இப்பலகை ஏறும் நாளில் மது வழங்குவதுண்டாம். யாம் தேநீரோடு நிறுத்திக்கொண்டோம்.

மெய்க்கப்பலில் 20, 25 அடிக்கு மேற்பட்ட பலகை எளிதிற் கிட்டாது. ஆகவே ஒரு வரியிலேயே பல துண்டுகள் முனையோடு முனை பொருந்தும். அம்மூட்டுகள் அடுத்தடுத்த வரிகளில் ஒரே சட்டத்தின்மேல் வந்தால் உடல் அவ்விடத்திலேயே பிளக்கும். இடையே மூன்று வரிகளேனும் செல்லவேண்டும். பலகையிடுக்கில் நாரும் பஞ்சும் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பூசி நீரை அடைப்பதைக் கலப்பற்று என்பர். மாதிரியிலே ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் பென்சிலை ஒருமுறை இழுத்துவிட்டால் ஒட்டியபின் அக்கருங்கோடு கலப்பற்றுப் போலவே தோன்றும்.

ஆணியே இன்றிக் கயிற்றினாற் பலகைகளைத் தைத்துக் கட்டும் முறையும் நம் கடல்களில் வழங்கிற்று. இத்தீவின் தென்கரையில் ஓடிய யாத்திராதோணி அவ்வகையது. அவ்வகையின் கடைசிக் கலம் 1930 இல் மாலைதீவுக் கடலில் அழிந்தது. அதன் மாதிரியொன்று தொடந்துவையிலுள்ள குமாரகந்த விகாரையிலே பேணப்பட்டது. 1990 களில் ரொம் வொஸ்மர் என்னும் ஆய்வாளர் அம்மாதிரியை அளந்தே கலத்தின் உடலமைப்பை ஆராய்ந்தார். அதைச் செய்த கைவினைஞர் பலகை வரிகளை அக்கறையின்றிப் பொருத்தியிருப்பின் அவருக்கு அளப்பதற்கு என்ன இருந்திருக்கும்? வல்வைக் கப்பல்களுக்கு இத்தகைய மாதிரிகள் எத்தனை உள என்பதை அப்பகுதிப் பழைய மாணவர் எவரேனும் அறிந்திருப்பின் எமக்கு எழுதுக. எம் இரண்டாவது உடலின் பிழைகளை நேராக்க அது உதவும்.

அவ்விரண்டாவது உடல் இரண்டு தவணையில் முடிந்தது. கடற்படைச் சபை மாதிரிகளை மேலே குறித்தேன் அன்றோ? அவற்றைப் பின்பற்றி இடப்புறத்து அடியில் ஆறு வரிகளை ஓரிடத்திற் பொருத்தாது விட்டுள்ளோம். கைவிளக்கொன்றை அருகே பிடித்துப் பார்த்தால் அராவிய சட்ட விளிம்புகள் தெரியும். நடுச்சட்டத்தின் முகத்திலே, தேயிலைப் பெட்டியில் முன்னர் அச்சிட்டிருந்த எழுத்துகளிற் பாதி அழியாமல் இருப்பதும் தெரியும்.