கெப் வண்டியும் வருமான வரியும்

மலைநாட்டில் வாணிபம் செய்வோர்க்குக் கெப் வண்டி ஆடம்பரப் பொருளன்று. நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும் தம்புள்ளைச் சந்தையை அடைவதற்கும், ஹற்றன் கடைவீதியிலிருந்து அரிசியும் மாவும் தோட்டத்துக் கடைகளுக்கு ஏறுவதற்கும் அது வேண்டும். ஆயினும், “வண்டி வாங்கினால் விலை முழுவதும் வரியிற் கழிந்துவிடும்” என்னும் பேச்சை நம்பிக் கடன்பட்டு வாங்குவோரும் நம்மிடையே உளர். அப்பேச்சில் உண்மை எவ்வளவு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமாகும். வருமானத்தை ஈட்டுதற்கெனச் செய்த செலவே கழிக்கத்தக்கது. வீட்டுச் செலவு கழிக்கத்தக்கதன்று என்பது அதன் அடிப்படை விதி. எனவே தொழிலுக்கென ஓடிய அளவுக்கு டீசல், திருத்தவேலை, காப்புறுதி, சாரதியின் சம்பளம் ஆகியன அவ்வவ்வாண்டே கழியும். வண்டியின் விலையோ பல ஆண்டு பயன் தருவதாகலின் ஓராண்டிற் கழியாது. பொருளேற்றும் வண்டியாயின் அதன் விலையை ஐந்து சம பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்காகக் கழிக்கலாம். இதனையே மூலதனப் படி என்பர். தனிப்பட்ட பாவனைக்குரிய மோட்டார்க் காருக்கு இச்சலுகை இல்லை. வங்கிக் கடனுக்குச் செலுத்தும் வட்டி கழியும். திருப்பிக் கொடுக்கும் முதல் கழியாது.

ஓர் உதாரணம் காண்போம். மரக்கறி வணிகர் ஒருவர் 60 இலட்சம் ரூபாவுக்குக் கெப் வாங்குகிறார். ஆண்டுப் பங்கு 12 இலட்சம். வண்டியின் ஓட்டத்தில் முக்காற் பங்கே தொழிலுக்கு; எஞ்சியது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும். ஆகவே அவர் கழிக்கக்கூடியது 9 இலட்சம். ஏனைய செலவுகள் போக அவருடைய இலாபம் 33 இலட்சம் எனக் கொள்வோம். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள தனிநபர் விடுதொகை 18 இலட்சம் நீங்க, 15 இலட்சம் வரிக்குரியது. முதற் 10 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதமும் அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதமுமாக வரி 1,50,000 ரூபா. மூலதனப் படியைக் கழித்தால் வரிக்குரியது 6 இலட்சம். வரி 36,000 ரூபா. மீதமாவது 1,14,000 ரூபா மாத்திரமே. கழிவு வருமானத்திலிருந்து நிகழ்வதேயன்றி, வரியிலிருந்து நிகழ்வதன்று. தொழிலுக்குத் தேவையற்ற வண்டியை வரிக்காக வாங்குபவர் ஒரு ரூபாவைக் காக்கப் பல ரூபாவை இழப்பவராவர்.

பின்னாளில் வண்டியை விற்கும்போது, கழித்தது போக எஞ்சிய பெறுமதியிலும் கூடிய விலை கிடைப்பின், அம்மிகுதி வருமானத்தோடு சேர்க்கப்படும் என்பதையும் மறத்தலாகாது.

முக்காற் பங்கு தொழிலுக்கே ஓடியது என்பதை நிறுவுவது எங்ஙனம்? சாரதியின் இருக்கையருகே ஒரு கொப்பி இருத்தல் வேண்டும். திகதி, சென்ற இடம், ஏற்றிய பொருள், ஓடிய தூரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. டீசற் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைக்குக. வரியாண்டு மார்ச் 31இல் முடியும். விவரத்திரட்டு நவம்பர் 30க்குள் சேர்தல் வேண்டும். அவ்வேளையில் நினைவிலிருந்து எழுதும் கணக்கு நிலைபெறாது. தந்தையாரின் கடையிற் கணக்கெழுதும் நம் மாணவர்கள் இக்கொப்பியை இன்றே தொடங்கி வைப்பாராயின், அவர்தம் கல்வி இல்லத்துக்குப் பயன்பட்டதாகும்.